அப்பாவின் மூளைக் கட்டிக்கு இரண்டு திசு அறிக்கைகள்: முதலில் 2ஆம் தரம், அடுத்து 4ஆம் தரம். எதை ஏற்பது?

காவேரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் இல்லாதவர். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை அவருடைய இடது கை விரல்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கின. துடிப்பு முழங்கை வரை ஏறி, முகத்தின் இடப்பக்கத்துக்கும் பரவி, சில நிமிடங்களில் அடங்கியது. நினைவு தப்பவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் வலப்பக்கத்தில், நெற்றிமடலின் பின்பகுதியில், தெளிவான எல்லை இல்லாத ஒரு மாற்றம் இருப்பதாகவும், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய பிறகும் அது ஒளிரவில்லை என்றும், குறைந்த தரக் கிளையோமாவாக (மூளையின் துணை உயிரணுக்களில் தோன்றும் கட்டி; தரம் 1 முதல் 4 வரை, 4 மிகக் கொடியது) இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

அதன்பின் ஊசி வழியாகத் திசு எடுத்தார்கள். அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்த மருத்துவர், உடனடிப் பரிசோதனையில் கிளையல் கட்டி என்பது உறுதியாகிவிட்டது என்றார். ஒரு வாரம் கழித்து வந்த அறிக்கையில் "பரவி வளரும் அஸ்ட்ரோசைட்டோமா, 2ஆம் தரம், திசுச் சிதைவு இல்லை, ஐ.டி.எச்.1 நிறமேற்றம் எதிர்மறை, ஏ.டி.ஆர்.எக்ஸ். பாதுகாக்கப்பட்டுள்ளது, கி-67 சுமார் 6%" என்று இருந்தது. (அஸ்ட்ரோசைட்டோமா ஒரு வகைக் கிளையோமா; ஐ.டி.எச்.1, ஏ.டி.ஆர்.எக்ஸ். என்பவை மரபணுக்கள்; கி-67 என்பது பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களின் விகிதமாம்.) வீட்டில் எல்லோரும் சற்று மூச்சு விட்டோம். ஆனால் மரபணுப் பரிசோதனை முடிந்து வந்த இறுதி அறிக்கை "கிளையோபிளாஸ்டோமா, ஐ.டி.எச். மாற்றமற்றது, 4ஆம் தரம்" என்கிறது. டெர்ட் என்ற மரபணுவின் புரோமோட்டர் பகுதியில் (மரபணுவை இயக்கும் பகுதி) மாற்றம் இருக்கிறது, 7ஆம் குரோமோசோம் கூடியும் 10ஆம் குரோமோசோம் குறைந்தும் இருக்கின்றன என்பவை காரணங்களாகக் குறிப்பிடப்பட்டுள்ளன.

ஒரே திசுவுக்கு எப்படி 2, 4 என்று இரண்டு தரங்கள் வர முடியும்? முதல் அறிக்கை தவறா? ஸ்கேனில் ஒளிராத ஒன்று எப்படி இவ்வளவு கொடிய கட்டியாக இருக்கும்? மறுபடியும் திசு எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

நுண்ணோக்கி

வணக்கம் அம்மா. நான் நரம்புத் திசு நோயியல் துறையில் பணிபுரிகிறேன். தங்கள் அப்பாவின் ஸ்லைடுகளை நான் பார்க்கவில்லை; தாங்கள் எழுதியிருக்கும் அறிக்கைச் சொற்களை வைத்தே இதை எழுதுகிறேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: சிகிச்சையை இரண்டாவது அறிக்கையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். முதல் அறிக்கை கண்ணுக்குத் தெரிந்ததைச் சரியாகவே விவரித்திருக்கிறது. ஆனால் இன்றைய வகைப்பாட்டில் கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது.

அந்தத் திசு கடந்து வந்த வழியைச் சொன்னால் இது விளங்கும். ஊசி வழியாக வருவது எள்ளளவு, மிஞ்சினால் ஓர் அரிசி அளவு நீளமுள்ள சில துண்டுகள்தாம். அவற்றில் ஒன்றிலிருந்து மிகச் சிறிய பகுதியைக் கிள்ளி, ஒரு கண்ணாடி ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடால் மெல்ல அழுத்தி இழுப்போம். மூளைத் திசு மென்மையானது என்பதால் அது மெல்லிய படலமாகப் பரவும். உடனே ஆல்கஹாலில் அமிழ்த்தி, நிறமேற்றி, சில நிமிடங்களில் நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். திசுவை உறையவைத்து வெட்டிப் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் மூளையில் நீர்ச்சத்து மிகுதி, உறையும்போது பனிப்படிகங்கள் உண்டாகி உயிரணுக்களின் வடிவத்தைக் குலைத்துவிடும். அதனால் எங்களில் பலர் மூளையைப் பொறுத்தவரை அழுத்திப் பார்க்கும் முறையையே முதலில் நாடுகிறோம். அறுவையின்போதே புதிய திசுவை இவ்வாறு பரப்பிப் பார்ப்பதை ஹார்வி குஷிங்கும் லூயிஸ் ஐசன்ஹார்ட்டும் 1930இலேயே விவரித்திருக்கிறார்கள். அப்போது நாங்கள் விடை சொல்ல வேண்டிய கேள்விகள் இரண்டே: வந்திருப்பது நோயுள்ள திசுதானா, அறுவையை இத்துடன் முடிக்கலாமா? தரம் என்ன என்பது அந்த நேரத்துக் கேள்வியே அன்று.

மீதித் திசு ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, சுமார் 4 மைக்ரான் தடிப்பில் வெட்டப்படும். இந்தக் கட்டத்தில்தான் பழைய முறைப்படி தரம் பார்க்கப்படுகிறது. உயிரணுப் பிரிவுகள் எத்தனை, இரத்த நுண்குழாய்கள் தாறுமாறாகப் பெருகியிருக்கின்றனவா, செத்த திசுவைச் சுற்றி உயிரணுக்கள் வேலி கட்டியதுபோல் நெருங்கி நிற்கின்றனவா என்று தேடுவோம். தங்கள் அப்பாவின் துண்டுகளில் இவை இல்லை. ஆகவே 2ஆம் தரம் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. வயது 61, ஐ.டி.எச்.1 நிறமேற்றம் எதிர்மறை என்ற நிலையில், மரபணு முடிவு வரும் முன்பே அறிக்கையில் ஒரு தர எண்ணை எழுதியிருக்கக் கூடாது. "பரவி வளரும் கிளையோமா; தரம் மரபணு முடிவுக்குப் பின் தெரிவிக்கப்படும்" என்று எழுதியிருந்தால் தங்கள் குடும்பம் இந்த அதிர்ச்சிக்கு ஆளாகியிருக்காது.

இனி மரபணுவுக்கு வருவோம். ஐ.டி.எச். மாற்றம் கிளையோமாக்களில் உண்டு என்பது 2008இல் தெரியவந்தது. அதன் பிறகு, நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றும் கட்டிகள் உண்மையில் வெவ்வேறு நோய்கள் என்பது தெளிவாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 2016இல் முதன்முறையாக மரபணுத் தகவலைப் பெயருக்குள்ளேயே சேர்த்தது. 2021இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன்படி, பெரியவர்களுக்கு ஐ.டி.எச். மாற்றம் இல்லாத, பரவி வளரும் அஸ்ட்ரோசைட் வகைக் கட்டி ஒன்றில் டெர்ட் புரோமோட்டர் மாற்றம், ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுப் பெருக்கம், 7ஆம் குரோமோசோம் கூடி 10ஆம் குரோமோசோம் குறைதல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே, திசுச் சிதைவு கண்ணில் படாவிட்டாலும் அது கிளையோபிளாஸ்டோமா, 4ஆம் தரம். தங்கள் அப்பாவுக்கு இந்த மூன்றில் இரண்டு இருக்கின்றன. டெர்ட் மாற்றம் மட்டும் தனியாக இருக்கும்போது நாங்கள் கூடுதலாக யோசிப்பதுண்டு, ஐ.டி.எச். மாற்றமுள்ள ஒலிகோடென்ட்ரோகிளையோமா என்ற வேறு வகைக் கிளையோமாவிலும் அது பெரும்பாலும் காணப்படும் என்பதால், ஐ.டி.எச். நிலையை ஐயமின்றி முடிவு செய்துவிட்டுத்தான் அதற்குப் பொருள் சொல்வோம். குரோமோசோம் மாற்றமும் சேர்ந்து வந்திருப்பது இந்த முடிவை மேலும் உறுதியாக்குகிறது.

ஆனால் ஒன்றை அறிக்கையில் தேடிப் பாருங்கள். ஐ.டி.எச்.1 நிறமேற்றம் என்பது அந்த மரபணுவின் ஆர்132எச் என்ற ஒரே மாற்றத்தை மட்டும் காட்டுவது. ஐ.டி.எச். மாற்றமுள்ள கிளையோமாக்களில் ஏறத்தாழ 90% அந்த வகைதான் என்றாலும், மீதியையும் ஐ.டி.எச்.2 மரபணுவையும் வரிசைப்படுத்தல் முறையில் பார்த்தால்தான் "மாற்றமற்றது" என்று சொல்ல முடியும். இறுதி அறிக்கையில் இரண்டு மரபணுக்களும் வரிசைப்படுத்தப்பட்டதாக ஒரு வரி இருக்க வேண்டும்.

---

தெற்குவாசல்

நான் நரம்பறுவை மருத்துவர். நுண்ணோக்கி அவர்கள் திசுவின் பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். நோயாளியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அப்பாவுக்கு வந்த வலிப்பே கட்டியின் இடத்தைச் சொல்லிவிட்டது. மூளையின் இயக்கப் பட்டையில் கைக்கும் முகத்துக்கும் உரிய பகுதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இடது விரல்களில் தொடங்கி இடது முகத்துக்குப் பரவிய துடிப்பு என்றால், வலது மூளையில், அந்தப் பட்டையிலோ அதை ஒட்டியோ ஏதோ ஒன்று உறுத்துகிறது என்று ஸ்கேன் எடுக்கும் முன்பே எழுதிவிடலாம். நடுவயதைக் கடந்தவருக்கு வாழ்நாளில் முதன்முறையாக வலிப்பு வந்தால் மூளையைப் படம் எடுக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்று நாங்கள் பயிற்சி மருத்துவர்களிடம் வலியுறுத்துவது இதனால்தான். தலைவலியைப் பொறுத்தவரை, விடியற்காலையில் கூடுதலாக இருப்பது, வாந்தி எடுத்ததும் சற்றுக் குறைவது, நாளுக்கு நாள் கூடுவது ஆகியவற்றைக் கேட்டறிந்து, கண்ணின் உட்புறத்தைக் கருவியால் நோக்கிப் பார்வை நரம்பின் முனை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். பரபரப்பான புறநோயாளிப் பிரிவுகளில் இந்தப் பரிசோதனை மெல்ல மறைந்துவருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஒளிராத கட்டி எப்படிக் கொடியதாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கான்ட்ராஸ்ட் மருந்து மூளைக்குள் கசிந்தால்தான் படத்தில் ஒளிரும். கசிய வேண்டுமானால் இரத்தக் குழாய்களின் தடுப்புச் சுவர் பழுதாகியிருக்க வேண்டும். கட்டி தொடக்க நிலையில் இருக்கும்போது, சாதாரண மூளை இழைகளுக்கிடையே புகுந்து பரவுமே தவிர, அந்தச் சுவரைக் கெடுத்திருக்காது. ஆகவே ஒளிராமை நல்ல கட்டிக்குச் சான்று ஆகாது. வயது ஏற ஏற அதற்குள்ள மதிப்பு இன்னும் குறைந்துவிடும். ஒளிராத பகுதியில் ஊசியை எங்கே செலுத்துவது என்பதும் கடினமான முடிவு. இரத்த ஓட்டத்தை அளக்கும் படத்தில் ஓட்டம் மிகுந்த இடத்தையோ, திசுவின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியில் கோலின் என்ற பொருள் உயர்ந்திருக்கும் இடத்தையோ குறிவைப்போம். அப்படியிருந்தும் ஒரு கட்டியின் ஓரத்தில் 2ஆம் தரமாகவும் சற்று உள்ளே 4ஆம் தரமாகவும் திசு அமைந்திருக்கக்கூடும். மரபணு மாற்றங்கள் அப்படியல்ல. 7ஆம், 10ஆம் குரோமோசோம் மாற்றங்கள் கட்டி உருவாகும் தொடக்கத்திலேயே வந்துவிடுபவை என்பதால் ஓரத்துத் துண்டிலும் கிடைத்துவிடும். அதனால் மறுபடி திசு எடுப்பதால் தங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியவரப்போவதில்லை என்பது என் எண்ணம். கட்டியைப் பாதுகாப்பாக இன்னும் அகற்ற முடியுமா என்பது வேறு கேள்வி. இயக்கப் பட்டைக்கு அருகில் என்பதால் அதைத் தங்கள் அறுவை மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

திசு ஏன் அவசியம் என்பதற்கு நம் ஊரில் கூடுதல் காரணமும் உண்டு. படத்தில் வளையமாக ஒளிரும் ஒன்று கிளையோபிளாஸ்டோமாவாக இருக்கலாம், வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றாக இருக்கலாம், சீழ்க்கட்டியாக இருக்கலாம், காசநோய்க் கட்டியாகவும் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டியாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் திறந்து பார்ப்பதும் தவறு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வி. ராஜசேகரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் வகுத்த அளவுகோல்கள் இதில் பேருதவி செய்தன: வலிப்புடன் மட்டும் வந்தவர், மூளை அழுத்தம் கூடியதற்கான அறிகுறியும் நாளுக்கு நாள் கூடும் நரம்புக் குறைபாடும் உடலில் வேறு நோயும் இல்லாதவர், படத்தில் 20 மில்லிமீட்டருக்கு மிகாத ஒரே ஒளிரும் புள்ளி, நடுக்கோடு நகராமை. இவை எல்லாம் பொருந்தினால் அது பெரும்பாலும் நாடாப்புழுக் கட்டியே என்று கொண்டு, கத்தி வைக்காமல், வலிப்பு மருந்து கொடுத்து, சில மாதங்களில் மறுபடம் எடுத்துப் பார்க்கலாம். எத்தனையோ இளைஞர்கள் தேவையற்ற மூளை அறுவையிலிருந்து இப்படித் தப்பியிருக்கிறார்கள்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூளையில் கட்டி என்று தெரிந்தவுடன் வீக்கம் குறையட்டும் என்று ஸ்டீராய்டு தொடங்குவது வழக்கம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் படம் லிம்போமாவை (வெள்ளணுக்களில் தோன்றும் புற்று) போல இருந்து, நோயாளியின் நிலை பொறுக்கக்கூடியதாக இருந்தால், திசு எடுக்கும் வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். லிம்போமா உயிரணுக்கள் ஸ்டீராய்டில் கரைந்துபோய், ஊசியில் வரும் திசுவில் எதுவும் தெரியாமல் போவதுண்டு. ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்தானது.

---

பொருநை

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் அம்மாவுக்கு நேர்ந்ததை இங்கே எழுதுவது தண்டுவடக் கட்டி உள்ளவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு 66 வயதில் நடை தளர்ந்தது. கால்கள் மரக்கட்டை போல விறைத்திருக்கின்றன என்பார். இரவில் படுத்தால் முதுகு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு இடுப்புப் பகுதியை எம்.ஆர்.ஐ. எடுத்து, வயதுக்குரிய தேய்வுதான் என்றார்கள். சிறுநீர் கழிக்கத் தொடங்கவே நேரம் ஆகிறது என்று அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் சொன்ன பிறகுதான் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

அவர் ஸ்கேன் உறையைப் பிரிக்கவே இல்லை. அம்மாவைப் படுக்கவைத்து, உள்ளங்காலின் வெளி ஓரத்தில் சாவியின் முனையால் மெல்லக் கீறினார்; பெருவிரல் மேல்நோக்கி எழும்பியது. பிறகு ஒரு குண்டூசியை எடுத்து, பாதத்திலிருந்து மெதுவாக மேலே குத்திக்கொண்டே வந்தார். மார்பகத்துக்குச் சற்றுக் கீழே வந்ததும்தான் அம்மா "இப்போது குத்துகிறது" என்றார். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, "கோளாறு இடுப்பில் இல்லை, நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கிறது, அங்கே படம் எடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். அதில்தான் கட்டி தெரிந்தது. அறுவைக்குப் பின் திசு அறிக்கையில் மெனிஞ்சியோமா (மூளை, தண்டுவட உறையில் தோன்றும் கட்டி), 1ஆம் தரம் என்று வந்தது. இப்போது அம்மா கைத்தடியுடன் கோயிலுக்குப் போய் வருகிறார்.

என் கேள்வி இது: மூளையைப் போலத் தண்டுவடத்திலும் திசு அறிக்கை மாறக்கூடுமா? அம்மாவுக்கு மரபணுப் பரிசோதனை எதுவும் செய்யவில்லையே?

---

தெற்குவாசல்

பொருநை அவர்களுக்கு: அந்த மருத்துவர் போட்ட பேனாக் கோடு, மொத்தத் தண்டுவடத்தில் எங்கே படம் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டது. இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் குறையில்லை என்று இருந்தும் கால்கள் விறைத்து, பெருவிரல் மேலெழும்பினால், மேலே தேடியே ஆக வேண்டும். ஏனெனில் பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்களே. படுத்தால் கூடும் வலியும் நாம் ஒதுக்கிவிடக் கூடாத ஓர் அறிகுறி.

தண்டுவடத்தில் கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பதே அதன் பெயரைப் பாதி சொல்லிவிடும். உறைக்கு வெளியே என்றால் பெரும்பாலும் வேறிடத்திலிருந்து பரவிய புற்று. உறைக்குள்ளே, ஆனால் தண்டுக்கு வெளியே என்றால் மெனிஞ்சியோமா அல்லது நரம்பு வேரின் உறையில் தோன்றும் ஷ்வான்னோமா. நடுவயதைக் கடந்த பெண்களின் நெஞ்சுப் பகுதியில் மெனிஞ்சியோமா என்பது நாங்கள் அடிக்கடி காணும் காட்சி. தண்டுக்கு உள்ளேயே என்றால் பெரியவர்களில் தண்டின் நடுக்குழாயை ஒட்டிய உயிரணுக்களில் தோன்றும் எபென்டிமோமாவும் சிறுவர்களில் அஸ்ட்ரோசைட்டோமாவும் முன்னிற்கும். தண்டுக்குள் இருப்பவை சில வேளைகளில் கட்டியே அல்லாமல் நரம்புறை அழற்சியாகவும் இருக்கும். அதனால் அங்கே கத்தி வைக்கும் முன் இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் அதற்குரிய பரிசோதனைகளைச் செய்துவிடுவோம்.

---

நுண்ணோக்கி

பொருநை அவர்களின் கேள்விக்கு என் பங்கு: தங்கள் அம்மாவின் கட்டி போன்ற மெனிஞ்சியோமாவில் உயிரணுக்கள் சுருள் சுருளாகச் சுற்றியிருப்பதும், அவற்றின் நடுவே சுண்ணாம்புச் சத்து படிந்த சிறு உருண்டைகள் இருப்பதும் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். கட்டி முழுவதும் எங்கள் கைக்கு வந்துவிடுவதால், ஓரத்தைப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்கும் நிலை இல்லை. 1ஆம் தரம் என்று வந்த, முழுமையாக அகற்றப்பட்ட தண்டுவட மெனிஞ்சியோமாவுக்கு மரபணுப் பரிசோதனை வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் போதும். மருத்துவர் சொன்ன இடைவெளியைத் தவறவிடாதீர்கள்.

---

காவேரிக்கரை

மருத்துவர்கள் இருவருக்கும் பொருநை அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஐ.டி.எச்.1, ஐ.டி.எச்.2 இரண்டும் வரிசைப்படுத்தப்பட்டதாகவும் மாற்றம் இல்லை என்றும் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் "எம்.ஜி.எம்.டி. நிலுவையில்" என்று கடைசியில் ஒரு வரி உள்ளது. அது வரும் வரை சிகிச்சையைத் தொடங்காமல் காத்திருக்க வேண்டுமா? சித்தப்பா வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கச் சொல்கிறார். அதற்கு என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

---

நுண்ணோக்கி

எம்.ஜி.எம்.டி. என்பது கட்டியின் பெயரையோ தரத்தையோ மாற்றாது. அது, மருந்தினால் டி.என்.ஏ.வுக்கு நேரும் பழுதைக் கட்டி தானே சரிசெய்துகொள்ள உதவும் மரபணு. அதன் புரோமோட்டர் பகுதி மெத்தில் சேர்ந்து அடைபட்டிருந்தால் டெமோசோலமைடு மாத்திரை கூடுதலாகப் பலன் தரும் என்பது 2005இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. 61 வயதில், உடல்நிலை நன்றாக இருப்பவருக்குக் கதிர்வீச்சும் டெமோசோலமைடும் சேர்ந்ததே வழக்கமான சிகிச்சை என்பதால், பொதுவாக இந்த முடிவுக்காகத் தொடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். வயது முதிர்ந்து உடல் தளர்ந்தவர்களுக்கு இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க நேரும்போதுதான் இந்த முடிவுக்கு எடை மிகுதி.

இரண்டாவது கருத்துக் கேட்பது முற்றிலும் நியாயம். முதலில் பார்த்தவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அறிக்கையின் நகலை மட்டும் எடுத்துச் சென்றால் பயனில்லை. நிறமேற்றிய ஸ்லைடுகள், பாரஃபின் பிளாக், மரபணு அறிக்கையின் முழுப் பக்கங்கள், அறுவைக் குறிப்பு, திசு எடுப்பதற்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. குறுந்தகடு ஆகியவற்றை நோயியல் துறையில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். ஊசியில் எடுத்த திசு என்பதால் பிளாக்கில் மிச்சம் குறைவாகவே இருக்கும். எம்.ஜி.எம்.டி. பரிசோதனைக்குத் திசு வெட்டி எடுக்கப்பட்டுவிட்டதா என்று முதலில் விசாரித்து, அது முடிந்த பிறகே பிளாக்கைக் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு இடங்களும் அதையே வெட்டித் தீர்த்துவிடக்கூடும். புதிய இடத்தில், ஏற்கெனவே செய்த நிறமேற்றங்களைத் தேவையின்றி மறுபடி செய்ய வேண்டாம் என்றும், எஞ்சியதை மரபணுப் பரிசோதனைக்காகக் காக்குமாறும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

பிளாக்கை வாங்கும்போது அதன் மேல் உள்ள எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். அது மெழுகு, வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகாமல், கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.